ஒட்டாத டார்ச்

அத்தியாயம் எட்டு

மேசை மேல் மீன் குத்தும் துப்பாக்கி கிடந்தது. அதன் கூர்முனை கொழுந்தனின் தொப்பையைக் குறி பார்த்துக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்தபடியே கொஞ்சம் தள்ளிப் போனான். படகு லேசாக ஆடியது. முனையும் அவனோடு கூடவே வந்த மாதிரி இருந்தது.

"ஏம்மா, இது லோடு ஆகியிருக்கா?"

"ஆகியிருக்கு," என்றாள் தையல்காரம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மாதான் கேட்டேன். பொது அறிவுக்கு."

கொழுந்தன் என்பது அவன் பெயர் இல்லை. அண்ணி துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, வேலை போய் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கணவனின் தம்பியை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள். அவள் "கொழுந்தனாரே" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தலையில் முடி குறைந்து இடுப்பில் சதை கூடிய வயதில் ஓர் ஆளுக்கு இந்தப் பட்டம் தேவைதானா என்று அவனுக்கு அடிக்கடி தோன்றும். சம்பளம் தருகிறவளிடம் கேட்க முடியுமா?

தையல்காரம்மா படகுப் பாய்கள் தைப்பவள். இந்த ஃபைபர் படகுதான் அவளுக்கு வீடும் பட்டறையும். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கட்டில், நடுவில் முழுக்க மடித்த பாய்த்துணி. சுவரில் ஒரு சின்ன விசிறி, அதுவும் சுற்றவில்லை. வியர்வை கொழுந்தனின் காது வழியாகச் சொட்டியது.

"கூரை மேல சோலார் பலகை ரெண்டு வெச்சிருக்கீங்க. இந்த விசிறி ஏன் ஓடலை?"

"பேட்டரி இறங்கிப் போச்சு."

"இந்த வெயில்லயா? கரண்டை யாருக்குத் தானம் பண்றீங்க?"

அவள் தடித்த ஊசியை உள்ளங்கைத் தோலுறையால் ஒரு தள்ளு தள்ளினாள். ஊசி நாலு மடிப்புத் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தத் தள்ளில் இருந்த கோபத்தைப் பார்த்துக் கொழுந்தன் வாயை மூடிக்கொண்டான்.

அண்ணி தன் கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவின் பழைய படகிலிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். வெள்ளை ஃபைபர், சாப்பாட்டுத் தட்டு அளவு. ஓரமெல்லாம் நார் நாராகப் பிய்ந்திருந்தது. நடுவில் பச்சைப் பெயின்ட் ஒரு கோடு, அதன் மேல் துருக்கறை.

நடந்தது இதுதான். போன வருஷம் ஒரு விடியற்காலையில் அவள் புருஷன் அந்தப் படகைத் தனியாக ஓட்டி வந்தபோது, ஒரு பச்சைப் படகு வந்து மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தண்ணீரில் மிதந்தபடி அவர் கையடக்க ரேடியோவில் கூப்பிட்டார். "பச்சைப் படகு, திரும்பி வா. நான் தண்ணியில இருக்கேன். திரும்பி வா." கரையிலிருந்த ரேடியோவில் அந்தக் குரலைத் தையல்காரம்மாவும் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள், அது நிற்கிற வரைக்கும்.

"மோதினது இரும்புப் படகு. அதுல சந்தேகமில்லை," என்றாள் அண்ணி.

"இந்தத் துறையில இரும்புப் படகு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வெல்டரோடது." தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மத்தியானம் தண்ணி நல்லா வத்துற நேரம் வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள நீங்க வேற ஆளைக் காட்டுங்க. காட்டலைன்னா இதை எடுத்துக்கிட்டு வெல்டரைப் பார்க்கப் போயிருவேன்."

இதை என்று அவள் கண் காட்டியது துப்பாக்கியை.

வெளியே வந்ததும் கொழுந்தன் மூச்சு விட்டான். "அண்ணி, அந்தம்மா விளையாட்டுக்குச் சொல்லலை. முகத்தைப் பார்த்தீங்களா? வெல்டர் இன்னைக்கே சுவத்துல படமா தொங்கிருவாரு."

"அவங்க கெடு வெச்சதைக் கவனிச்சியா?" என்றாள் அண்ணி. "காலையில இல்லை, சாயங்காலம் இல்லை. தண்ணி வத்துற நேரமாம். எதுக்கு?"

"சுடறவங்க நல்ல நேரம் பார்ப்பாங்க போல."

"நட, வெல்டரைப் பார்ப்போம்."

*

வெல்டரின் இரும்புப் படகு துறையின் கடைசியில், எல்லாரையும் விட்டு ஒதுங்கி, தனியாகக் கட்டியிருந்தது. உள்ளே இறங்கியதும் கொழுந்தன் வாயைப் பிளந்தான். கரண்டி சுவரில் ஒட்டியிருந்தது. சாவிக்கொத்து, கத்தரிக்கோல், ஸ்பேனர், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாம் சுவரில். ஆணி ஒன்று கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்னக் காந்தம்.

"இரும்பு வீட்டுல இருக்கிற ஒரே சொகுசு இதுதான் மேடம்," என்று வெல்டர் சிரித்தார். பேசிக்கொண்டே டீ கிளாஸைத் துடைத்தார், கை போன போக்கில் கரண்டியைச் சுவரில் ஒட்டினார், ஸ்பேனரை எடுத்தார், பார்க்காமலே வேறு இடத்தில் ஒட்டினார். "மத்ததெல்லாம் வேலைதான். துரு இருக்கே, அது மாமியார் மாதிரி. நாம தூங்கினாலும் அது தூங்காது. குளிர் வந்தா சுவர் முழுக்க வேர்த்துக் கொட்டும். திசைகாட்டி பக்கத்து ஊருக்கு வழி காட்டும்."

"அப்புறம் எதுக்கு இதுல குடியிருக்கீங்க? ஃபைபர் வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான் கொழுந்தன்.

"ஃபைபர் துரு பிடிக்காது, சரி. லேசு, அதுவும் சரி. ஆனா பாறையில இடிச்சா உடையும். இரும்பு நசுங்கும், உடையாது. நடுக்கடல்ல நசுங்கினவன் வீட்டுக்கு வருவான். உடைஞ்சவன் வரமாட்டான்." சொல்லிவிட்டு அவர் சட்டென்று நிறுத்தினார். பக்கத்தில் யாருடைய புருஷன் உடைந்த படகோடு போனான் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சுருங்கிவிட்டது.

"உங்க மேல சந்தேகம் இருக்குன்னு தெரியுமா?" அண்ணி நேராகக் கேட்டாள்.

"தெரியும். துறையில பாதிப் பேர் என்கூடப் பேசறதில்லை." அவர் துரு தட்டும் சுத்தியலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "எங்க வேணா தட்டிப் பாருங்க. பெயின்ட் மேல பெயின்ட்டா இருக்கும். நீலம், அடியில சிவப்பு, அதுக்கும் அடியில நீலம். பச்சை ஒரு சொட்டு கிடைச்சா நானே போய்ப் போலீஸ்ல நிக்கறேன்."

கொழுந்தன் தட்டினான். முன்னால், பின்னால், தண்ணீர் விளிம்பில். அண்ணி சொன்ன இடத்திலெல்லாம் தட்டினான். நீலம், சிவப்பு, நீலம். கை வலித்ததுதான் மிச்சம்.

"ஏன் தனியா ஒதுங்கிக் கட்டியிருக்கீங்க? பேசாதவங்க பக்கத்துல இருக்கப் பிடிக்கலையா?" என்றாள் அண்ணி.

"அதில்லை மேடம். பக்கத்துப் படகுல கரண்ட் ஒழுங்கா இல்லைன்னா, தண்ணி வழியா வந்து என் அடிப்பாகத்தைத் தின்னுரும். பெயின்ட் எங்க லேசா விட்டிருக்கோ அங்க பிடிச்சுக் கடிக்கும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் சுத்தியல் வெச்சா, சுத்தியல் உள்ளே போயிரும்." அவர் சுவரிலிருந்து ஒரு டார்ச்சைப் பிடுங்கிக் கொழுந்தனிடம் நீட்டினார். அதன் முதுகில் காந்தம். "இருட்டு மூலையெல்லாம் பார்க்கணும்னா இதை வெச்சுக்குங்க. எனக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை."

படகை விட்டு இறங்கும்போது கொழுந்தனுக்கு மனசு கனத்தது. இந்த மனுஷனைத்தான் அந்தம்மா மீன் மாதிரி குத்தப் போகிறாள்.

"அண்ணி, இவர் இல்லை."

"இல்லைதான். இவரைப் பத்தி அந்தம்மாவுக்கும் அது தெரிஞ்சிருக்கணுமே, கொழுந்தனாரே. ஊர்ப் பாய் எல்லாம் தைக்கிறவங்க, பக்கத்துல வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க மாட்டாங்களா?"

*

துறையில் அடுத்த ஆள் புரோக்கர். படகு வாங்கி விற்றுத் தருவது தொழில். வெள்ளை வெளேரென்று பளபளக்கும் அவர் படகு, தையல்காரம்மாவின் படகுக்கு ஒட்டினாற்போல் கட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த கயிறு, அழகாகப் பாய்த்துணி சுற்றித் தைத்தது. அதில் கால் தடுக்கிக் கொழுந்தன் கிட்டத்தட்ட கடலுக்குள் போய்விட்டான்.

"பார்த்து, பார்த்து!" புரோக்கர் ஓடி வந்து தாங்கிக்கொண்டார். "தங்கச்சி தைச்சுக் கொடுத்த கயிறு. படகு ரெண்டும் உரசாம இருக்கணுமாம். புருஷன் போனதுக்கப்புறம் பாவம், நான்தான் அண்ணன் மாதிரி கூடவே இருக்கேன். அந்த ஃபைபர் படகைப் பார்த்து வாங்கிக் கொடுத்ததும் நான்தான்."

"உங்க படகும் ஃபைபர்தானா?" என்றாள் அண்ணி.

"பின்னே? இரும்புல மனுஷன் குடியிருப்பானா மேடம்? அது துருவோட குடித்தனம் நடத்துறது. ஜென்மத்துல நான் இரும்புப் படகுல கால் வெச்சதில்லை. ஃபைபர்னா, தேய்ச்சு விட்டா கண்ணாடி. இதோ பாருங்க, ஒரு கீறல் இருக்கா? நான் யார் மேலயாவது மோதியிருந்தா இது முட்டை மாதிரி உடைஞ்சிருக்கும்."

கொழுந்தன் சும்மா இருப்பானா? வெல்டர் கொடுத்த டார்ச்சின் காந்தத்தைப் படகின் வெளிப்பக்கம் வைத்தான். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னோர் இடத்தில் வைத்தான். அங்கேயும் ஒட்டவில்லை. புரோக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போலீஸும் வந்து இதையேதான் பண்ணிட்டுப் போனாங்க! அவங்க காந்தம் இதைவிடப் பெருசு."

"உள்ளே பார்க்கலாமா?"

"அய்யோ, உள்ளே வார்னிஷ் அடிச்சிருக்கேன் மேடம். கால் வெச்சா ஒட்டிக்கும்."

அப்போது படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பீய்ச்சியது. உள்ளே பம்பு ஓடும் சத்தம்.

"மழைத் தண்ணி, உள்ளே தங்கிடுது," என்றார் புரோக்கர்.

கொழுந்தன் வானத்தைப் பார்த்தான். மழை பெய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவனுக்கே மறந்துவிட்டது.

"இந்தப் படகைக் கடைசியா எப்போ வெளியே எடுத்தீங்க?" என்றாள் அண்ணி.

"எங்கே நேரம்? வந்து கட்டினதுதான். கட்டின கயிறு கட்டினபடி கிடக்கு."

திரும்பி நடக்கும்போது அண்ணி கொழுந்தனின் காதருகே வந்தாள். "டார்ச்சைக் கையிலேயே வெச்சிரு. நான் கண் ஜாடை காட்டினா புரோக்கர் கையில கொடு. அவர் ரெண்டு கையும் வேணும்ங்கிற மாதிரி ஒரு வேலையும் கொடு. வேற ஒண்ணும் செய்யாதே. முக்கியமா, ஜோக் அடிக்காதே."

"அது மட்டும் என் உயிர் மூச்சு அண்ணி."

*

மத்தியானம் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. துறையின் வாயில் மஞ்சள் நுரை ஒதுங்கியது. தையல்காரம்மாவின் படகில் நாலு பேரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணி, கொழுந்தன், தையல்காரம்மா, "வெல்டர் விஷயமா முடிவு சொல்லப் போறோம், நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டு வந்த புரோக்கர். சன்னல்களை மூடிப் பாய்த்துணி தொங்கியது. வெளிச்சம் குறைவு. விசிறி இப்போதும் சுற்றவில்லை. துப்பாக்கி அதே மேசையில்.

"நான் அன்னைக்கே சொன்னேன் தங்கச்சி, இரும்புக்காரனை நம்பாதேன்னு," என்று புரோக்கர் ஆரம்பித்தார். "அந்தப் படகை நாலு தடவை பெயின்ட் மாத்தியிருப்பான். பச்சையெல்லாம் என்னைக்கோ சுரண்டி எடுத்திருப்பான். போலீஸ் என்ன செய்யும்? நீயே ஒரு முடிவு எடுக்கணும்."

கொழுந்தனுக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஓர் ஆளைக் குத்திக் கொல்ல இன்னோர் ஆள் தூண்டிவிடுகிறான், அதுவும் ஆறுதல் சொல்கிற குரலில். அவன் அண்ணியின் கண்ணையே பார்த்துக்கொண்டு ஜாடைக்காகக் காத்திருந்தான். ஜாடை வரவில்லை.

அதற்குள் தையல்காரம்மா எழுந்தாள். "அண்ணே, அந்த உடைஞ்ச துண்டை உள்ளே வெச்சிருக்கேன். எடுக்கணும்." கொழுந்தனின் கையிலிருந்து டார்ச்சை அவளே பிடுங்கிப் புரோக்கரிடம் கொடுத்தாள். "கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க."

கொழுந்தன் திகைத்தான். இது அண்ணியின் திட்டமாயிற்றே, இந்தம்மாவுக்கு யார் சொன்னது? அண்ணியைப் பார்த்தான். அண்ணியின் புருவமும் மேலே போயிருந்தது.

புரோக்கர் வெளிச்சம் காட்டினார். தையல்காரம்மா ஒரு பெரிய பாய்த்துணி மூட்டையை இழுத்தாள். "இதைப் பிடிங்க அண்ணே, கனமா இருக்கு. ரெண்டு கையாலயும் பிடிங்க."

புரோக்கர் பேச்சை நிறுத்தவில்லை. வெல்டரைத் திட்டிக்கொண்டே, சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டார்ச்சைக் காதுக்கு நேராகச் சுவரில் வைத்துவிட்டு மூட்டைக்கு இரண்டு கையையும் நீட்டினார்.

டார்ச் தரையில் விழுந்து உருண்டது.

யாரும் குனிந்து எடுக்கவில்லை. வெளிச்சம் கீழேயிருந்து எல்லார் முகத்திலும் அடித்தது.

"ஏன் கீழே போட்டீங்க?" என்றாள் அண்ணி.

"கை... கை வழுக்கிடுச்சு."

"இல்லை. சுவத்துல வெச்சீங்க. பார்க்காமலே வெச்சீங்க. ஃபைபர்ல குடியிருக்கிற யாரும் டார்ச்சை வெறும் சுவத்துல வைக்க மாட்டாங்க, அங்கே எதுவும் ஒட்டாது. வெல்டர் வைப்பார். தினம் இரும்புல குடியிருக்கிறவங்க கைக்குத்தான் அது பழக்கம். நீங்க ஜென்மத்துல இரும்புல கால் வெச்சதில்லைன்னு சொன்னீங்க. வாய் பொய் சொல்லிச்சு, கை உளறிடுச்சு."

"மேடம், காந்தம் வெச்சுப் பார்த்தாங்க. உங்க ஆளே வெச்சுப் பார்த்தாரு!"

"வெளியே பார்த்தாங்க. இரும்பு மேல ஒரு விரல் தடிமனுக்குப் பூச்சு பூசி, வழவழன்னு தேய்ச்சு, வெள்ளை அடிச்சா எந்தக் காந்தம் ஒட்டும்? உள்ளே மரப்பலகை அடிச்சு மறைச்சிருப்பீங்க. ஆனா அடுப்புப் பக்கத்துலயோ படிக்கட்டுப் பக்கத்துலயோ ஒரு இடம் மறைக்காம விட்டிருக்கீங்க. டார்ச் மாட்டறதுக்கு. அந்த இடம் உங்க கைக்குத் தெரியும். வாங்க, இப்பவே போய்ப் பார்ப்போம். அந்தப் பூச்சைச் சுரண்டினா அடியில என்ன நிறம் வரும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு."

புரோக்கர் அடுத்த நொடி மூட்டையைக் கொழுந்தன் மேல் தூக்கி எறிந்துவிட்டு ஏணியில் தாவினார். பாய்த்துணிக்குள் சிக்கிய கொழுந்தன் விடுபட்டு மேல்தளத்துக்கு ஏறிப் பார்த்தபோது, புரோக்கர் தன் படகில் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். முன் கயிறு அவிழ்ந்தது. பின் கயிறு அவிழ்ந்தது. இரண்டு படகுக்கும் நடுவில் இருந்த தைத்த கயிறு மட்டும் இழுத்துப் பிடித்தது.

தையல்காரம்மா நிதானமாக நடந்து போய், எட்டி அவர் படகின் இரும்பு வளையத்தில் கட்டியிருந்த அதன் முனையை அவிழ்த்து விட்டாள்.

"என்னம்மா பண்றீங்க! ஆள் கம்பி நீட்டறான்!" என்று கத்தினான் கொழுந்தன்.

"போகட்டும்."

வெள்ளைப் படகு புகையைக் கக்கிக்கொண்டு துறையின் வாயை நோக்கிப் போயிற்று. தையல்காரம்மா அதைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் துளிகூட இல்லை. விருந்தாளியை வழியனுப்பி வைத்தவள் போல நின்றாள்.

அண்ணி குனிந்து அந்தக் கயிற்றின் முனையை எடுத்தாள். துணி சுற்றித் தைத்திருந்த தையலை நகத்தால் பிரித்தாள். உள்ளே செம்புக் கம்பி மின்னியது. கம்பியின் மறுமுனையைத் தேடிக்கொண்டு போனாள். அது கூரைக்கு ஏறி, சோலார் பலகையிலிருந்து வரும் வயரோடு சேர்ந்தது.

"கொழுந்தனாரே, கரண்டை யாருக்குத் தானம் பண்றீங்கன்னு கேட்டியே. பதில் இதோ."

கொழுந்தனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. வெல்டர் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. பெயின்ட் விட்ட இடத்தில் பிடித்துக் கடிக்கும். மோதின படகுக்குப் பெயின்ட் எங்கே விட்டிருக்கும்? மோதின இடத்தில்தான். இந்தம்மா மாதக்கணக்கில் வேர்வையில் உட்கார்ந்து, தன் விசிறியை நிறுத்தி, அந்தக் காயத்தின் மேல் மின்சாரத்தை ஊட்டியிருக்கிறாள்.

"உங்களுக்கு எப்பவோ தெரியும்," என்றாள் அண்ணி.

"முதல் நாள் ஆறுதல் சொல்ல வந்தப்பவே டார்ச்சைச் சுவத்துல வெச்சான். விழுந்துச்சு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்." தையல்காரம்மாவின் குரல் ஊசி மாதிரி நேராக வந்தது. "போலீஸ்கிட்ட போனேன். காந்தம் வெச்சுப் பார்த்துட்டு என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாங்க. அவன் கயிறு அவிழ்க்கறதா இல்லை. அவனைப் பயமுறுத்தி ஓட வைக்க ஆள் வேணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். வெல்டர் பேரைச் சொன்னாத்தான் நீங்க அவசரப்படுவீங்கன்னு தெரியும். அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"இது கொலைம்மா."

"தெரியும்."

தூரத்தில் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். துறையின் வாய்க்கு வெளியே வெள்ளைப் படகு சடாரென்று நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்ல இரும்பாக இருந்தால் நசுங்கியிருக்கும். இது கிழிந்துவிட்டது.

தையல்காரம்மா உள்ளே இறங்கிச் சன்னல் துணியை விலக்கினாள்; மற்ற இருவரும் கூடவே இறங்கினார்கள். சுவரிலிருந்த ரேடியோ கொரகொரத்தது. "யாராவது வாங்க... படகு முழுகுது... உள்ளே தண்ணி வருது... யாராவது..."

கொழுந்தன் ஏணியை நோக்கிப் பாய்ந்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் வெளியே, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் படகைச் சுற்றி அலை பழுப்பாக உடைந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

தையல்காரம்மா ரேடியோவின் மைக்கைக் கையில் எடுத்தாள். இந்த அலைவரிசையைத் துறையிலிருக்கும் ஒவ்வொரு படகும் கேட்டுக்கொண்டிருக்கும், துறைமுக அலுவலகமும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"கூப்பிடறது எந்தப் படகு?"

"தங்கச்சி! நான்தாம்மா, அண்ணன்! வெள்ளைப் படகு! யாரையாவது அனுப்பு!"

"வெள்ளையா, பச்சையா?"

"என்னம்மா விளையாடறே? தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு!"

"வெள்ளையா, பச்சையா?"

அந்தப் பக்கம் பொருள்கள் உருளும் சத்தம். பிறகு ஓர் அலறல். "பச்சை! அடியில பச்சை! போதுமா? ஆளை அனுப்பு!"

"அன்னைக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

அண்ணே என்று இத்தனை நாள் கூப்பிட்டவள் முதல் முறையாக உனக்கு என்றாள். ரேடியோவில் வெறும் இரைச்சல். தையல்காரம்மா காத்திருந்தாள். அவள் காத்திருந்து பழகியவள். கொழுந்தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொல்வதற்கு ஒரு ஜோக்கும் இல்லாமல் நின்றான். அந்த ஆள் பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் வெறியாக இருந்தது.

"கேட்டுச்சு," என்றது ரேடியோ. குரல் உடைந்திருந்தது. "தூங்கிட்டேன்மா. மோதினதுக்கப்புறம்தான் முழிச்சேன். வேணும்னு பண்ணலை."

"திரும்பிப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"தெரிஞ்சாரா?"

"கை... கை தெரிஞ்சுது."

"என்ன பண்ணே?"

"ரேடியோவை அணைச்சுட்டேன். பயந்துட்டேன். தொடைக்கு வந்துடுச்சும்மா, எனக்கு நீச்சல் சரியா வராது, உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன்..."

துறையெங்கும் ஒவ்வொரு படகாக ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கடைசியில், தன் இரும்புப் படகின் மேல் வெல்டரும் நின்றார். எல்லார் ரேடியோவிலும் அந்த ஆள் அழுதுகொண்டிருந்தான்.

அண்ணி மெதுவாகச் சொன்னாள், "தண்ணி வத்துற நேரமா பார்த்துக் கெடு வெச்சீங்க. அப்பவே யோசிச்சேன். அவன் கயிறு அவிழ்க்காதவன். வாசல்ல மணல்திட்டு இருக்கிறது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சொல்லிடுங்கம்மா. கேட்க வேண்டியதைக் கேட்டுட்டீங்க."

தையல்காரம்மா அண்ணியைப் பார்த்தாள். மேசையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அழுகையைக் கேட்டாள், அவசரமில்லாமல், ஓர் ஆள் கேட்க வேண்டிய அளவுக்கு. பிறகு மைக்கை வாயருகே கொண்டு வந்தாள்.

"கதவைத் திறந்து வெளியே இறங்கி நில்லு. நீ மணல்திட்டு மேல இருக்கே. தண்ணி உன் இடுப்பு வரைக்கும்தான் வரும். என் வீட்டுக்காரர் கூப்பிட்ட இடத்துல கால் ஊன்றத் தரை இல்லை."

அழுகை நின்றது. தூரத்தில் சாய்ந்த படகிலிருந்து ஓர் உருவம் இறங்கியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றது. போக இடமில்லாமல், துறை முழுவதும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது. துறைமுகப் போலீஸின் படகு சத்தமில்லாமல் புறப்பட்டுப் போயிற்று.

"அந்தக் கம்பி விஷயத்தை நானே அவங்ககிட்ட சொல்லிக்கறேன்," என்றாள் தையல்காரம்மா. "நீங்க மறைக்க வேண்டாம்."

அவள் மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள். ஏணியில் ஏறிக் கூரைக்குக் கை நீட்டி, அந்தச் செம்புக் கம்பியைச் சோலார் வயரிலிருந்து பிடுங்கிப் போட்டாள். அது இருந்த இடத்தில் வேறொரு வயரைச் சொருகினாள்.

சுவரில் விசிறி சுற்றத் தொடங்கியது.